ஜான் டூயியின் மலைத்தொடர் ஆய்வு: தாக்கத்தை எப்படி அளப்பது, குமரி மாவட்டப் பாறையோடு எப்படி இணைப்பது?

நாஞ்சில்பாறை:

எம்.எஸ்சி. நிலவியல் இறுதியாண்டுக் கருத்தரங்குக் கட்டுரைக்கு பிரிட்டிஷ் நிலவியலாளர் ஜான் எஃப். டூயியின் மலைத்தொடர் ஆய்வுகளை எடுத்திருக்கிறேன். 20 பக்கம். அவர் என்ன சொன்னார் என்பதோடு நிற்கக் கூடாது, அது மற்றவர்களின் வேலையை எப்படி மாற்றியது என்றும் காட்ட வேண்டும். கடைசி 5 பக்கம் கன்னியாகுமரி மாவட்டப் பாறைகளைத் தொட வேண்டும். இவை இரண்டும் நிபந்தனை.

கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டால் மேற்கோள் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு வருகிறது. அதை அப்படியே எழுதலாமா? அவருடைய கட்டுரைகளில் எதை நடுவில் வைப்பது? 1970-இல் வந்த மலைத்தொடர் கட்டுரைதான் எல்லா இடத்திலும் பேசப்படுகிறது. அதையே வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்று: "மகேந்திரகிரி, வேளிமலை, மருந்துவாழ்மலை எல்லாம் கோண்டுவானா சேர்ந்தபோது எழுந்த மலைத்தொடரின் தேய்ந்த மிச்சம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் (கோண்டுவானா என்பது இந்தியாவும் தென் கண்டங்களும் ஒன்றாக இருந்த பழைய பெருங்கண்டம்). இது நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நூலகமேசை:

முதலில் அந்த எண்ணைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பி.எட். படிக்கிறவர்களிடம் கேட்டால் ஜான் டூயி என்றால் அமெரிக்கக் கல்வித் தத்துவவாதி (1859–1952) என்பார்கள். தேடுபொறிக்கும் அதே குழப்பம். தத்துவவாதியின் நூல்களுக்குக் கிடைத்த மேற்கோள்கள்தாம் நீங்கள் பார்த்த எண்ணில் பெரும்பகுதியாக இருக்கும். இதைப் பிரிக்காமல் எழுதிய கட்டுரையைப் படிக்கிறவர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

பெயரை விட்டுக் கட்டுரைத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடி, அந்தப் பதிவின் கீழே வரும் "மேற்கோள் காட்டியவை" இணைப்பைத் திறக்க வேண்டும். ஐந்து கட்டுரை போதும்: ஜான் பேர்டுடன் 1970-இல் 'ஜர்னல் ஆஃப் ஜியோபிசிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதியது, கெவின் பர்க்குடன் 1973-இல் 'ஜர்னல் ஆஃப் ஜியாலஜி'யில் எழுதியது, பிட்மன், ரயன், பொன்னின் ஆகியோருடன் அதே 1973-இல் ஆல்ப்ஸ் பற்றி எழுதியது, மலைத்தொடர் தன் எடையாலேயே விரிந்து சரிவதைப் பற்றி 1988-இல் 'டெக்டானிக்ஸ்' இதழில் தனியாக எழுதியது, ஷாக்கிள்டன் முதலானோருடன் அதே ஆண்டு திபெத்தைப் பற்றி எழுதியது. கடைசியில் சொன்னது, லாசாவிலிருந்து கோல்முட் வரை 1985-இல் பிரிட்டிஷ், சீன ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய குறுக்குப் பயணத்தின் பலன்.

இங்கே மூன்று இடத்தில் கால் வழுக்கும். ஸ்காலர் ஒரு தேடலுக்கு 1000 முடிவுக்கு மேல் காட்டாது. அதனால் 1970–79, 1980–89 என்று ஆண்டு வடிகட்டி போட்டுத் துண்டு துண்டாக எடுங்கள். ஒரே கட்டுரை தவறான பக்க எண்ணோடும் எழுத்துப் பிழையோடும் இரண்டு மூன்று பதிவாக இருக்கும். அவற்றைச் சேர்க்காவிட்டால் எண்ணிக்கை குறையும், இருமுறை கூட்டினால் ஏறும். ஸ்கோபஸ் என்ற கட்டண மேற்கோள் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால், அதில் மேற்கோள் பட்டியல்கள் 1970 முதலுள்ள கட்டுரைகளுக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள். கல்லூரியில் ஸ்கோபஸ் நுழைவு இல்லையென்றால் ஓப்பன்அலெக்ஸ் இலவசம், பட்டியலை அட்டவணையாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றில் வந்த எண்ணோடு ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. எந்தத் தளம், எந்தத் தேதி என்று அடியில் எழுதுங்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் தாக்கம் ஆகாது. 1970 கட்டுரையின் மையக் கருத்து இரண்டு வகை மலைத்தொடர். ஒன்று, கடல்தட்டு அமிழும் விளிம்பில் வெப்பத்தால் எழுவது, ஆண்டிஸ் போல. மற்றொன்று, கண்டமும் கண்டமும் மோதி நெருக்கத்தால் எழுவது, இமயமலை போல. இன்று எல்லாப் பாடநூலும் இதைச் சொல்கிறது, ஆனால் யாரும் மூலத்தைக் குறிப்பிடுவதில்லை. கருத்து பொதுச்சொத்தாகிவிட்டால் மேற்கோள் குறையும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இந்த நிகழ்வைப் பேசியிருக்கிறார். ஆகவே 1990-க்குப் பிறகு கோடு கீழே இறங்கினால் "தாக்கம் குறைந்தது" என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்கு மாற்று, மேற்கோள் வரும் வாக்கியத்தையே படிப்பது. பத்தாண்டுக்கு 10 கட்டுரை, 1970-களிலிருந்து 2010-கள் வரை 50. கண்ணில் பட்டதை எடுக்காமல் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொன்றிலும் டூயியின் பெயர் வரும் வாக்கியத்தைப் படித்து நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: முன்னுரையில் மரியாதைக்குச் சொன்னது, கருத்தை எடுத்துத் தன் இடத்துக்குப் பொருத்தியது, அளந்து சோதித்தது, மறுத்தது. இன்னொரு வகுப்புத் தோழரையும் தனியாகக் குறிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். 50-இல் 10-க்கு மேல் வேறுபட்டால் உங்கள் வரையறை தெளிவாக இல்லை, திருத்திவிட்டு மறுபடி குறிக்க வேண்டும். சோதித்ததும் மறுத்ததும்தான் உண்மையான தாக்கத்தின் சுவடு. முன்னுரை மரியாதை நூறு இருந்தாலும் அதற்கு அவ்வளவு எடை கிடையாது.

கூடவே ஒரு நேர்மை வேண்டும். மோதலால் ஆசியா நெரிபடுகிறது என்பதை எமில் ஆர்காண்ட் 1924-லேயே பேசிவிட்டார். கடல் திறந்து மூடித் திறப்பதை டூசோ வில்சன் 1966-இல் 'நேச்சர்' இதழில் எழுப்பினார். டூயி அவற்றைத் தட்டு அசைவின் மொழியில் ஒன்றாகக் கோர்த்தவர். அந்த அளவோடு சொன்னால் அவர் பெருமை குறையாது.

---

வேளிமலை:

மேற்கோள் பக்கத்தை நூலகமேசை சொல்லிவிட்டார், நான் பாறைக்கு வருகிறேன். 1970-ஐ நடுவில் வைக்காதீர்கள் தங்கச்சி. நம்ம மாவட்டத்தோடு இணைக்க வேண்டுமென்றால் பர்க்குடன் எழுதிய 1973 கட்டுரைதான் வேண்டும். அது பத்துப் பக்கம்தான். இரண்டு மூன்று முறை படித்துவிடலாம்.

அதன் வாதம் இது. இந்தியா மோதிய பிறகும் தள்ளிக்கொண்டே இருப்பதால் திபெத்தின் மேலோடு ஏறத்தாழ 70 கி.மீ. தடித்துவிட்டது. அவ்வளவு தடித்த மேலோட்டின் அடிப்பகுதி சூடேறும், ஓரளவு உருகும். உருகியது மேலே போய் கிரானைட் ஆகும். உருகாமல் அடியில் எஞ்சுவது நீர் வற்றிய கிரானுலைட் பாறை. பிறகு மேல்பகுதி அரிந்து போனால் வெளியே தெரிவது என்ன? கண்டங்களின் மிகப் பழைய நிலையான பரப்புகளான கவசப் பகுதிகளில் நாம் காணும் உயர் உருமாற்றப் பாறை. அதாவது வட அமெரிக்காவின் கிரென்வில் போன்ற பழைய கிரானுலைட் பரப்புகள் பழைய திபெத்துகளின் அடித்தளம். உச்சியைத் திபெத்தில் பார், அடியைப் பழைய கவசத்தில் பார் என்கிறது கட்டுரை. அதுவரை "மறு உயிர்ப்பு பெற்ற அடித்தளப் பாறை" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோன இடங்களுக்கு, அது ஏன் சூடானது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

குமரி மாவட்டம் அப்படி ஓர் அடித்தளத்தின் மேல்தான் இருக்கிறது. அச்சன்கோவில் நழுவல் மண்டலத்துக்கு (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டைக்கு)த் தெற்கே திருவனந்தபுரம் பகுதி, அதற்கும் தெற்கே நாகர்கோவில் பகுதி. முதலாவதில் கொண்டலைட்டும் (கார்னெட், சில்லிமனைட், கிராஃபைட் உள்ள உருமாற்றப் பாறை) கார்னெட் நீஸும் (பட்டை பட்டையான உருமாற்றப் பாறை) அதிகம், இரண்டாவதில் பெருந்திரளாகச் சார்னோக்கைட் (பைராக்சீன் உள்ள கிரானைட் வகைப் பாறை). உருமாற்றத்தின் உச்சம் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், கோண்டுவானா சேர்ந்த காலம். மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகாவின் ஒரு விளிம்பு எல்லாம் அப்போது ஒட்டியிருந்தன. பழைய மோசாம்பிக் கடல் மூடி இரு கண்டத் துண்டுகள் ஒட்டிய தையல் பாலக்காடு–காவிரி மண்டலம் வழியாகப் போகிறது என்று காலின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வாதிட்டார்கள். அதை ஏற்றால் நாம் தையலுக்குத் தெற்கே, மோதலின் பக்கவாட்டில் நிற்கிறோம்.

இப்போது கணக்கு. கார்னெட், பைராக்சீன், பிளேஜியோகிளேஸ், குவார்ட்ஸ் நான்கும் சேர்ந்திருக்கும் பாறையிலிருந்து அழுத்தத்தைக் கணிக்கலாம். இந்தப் பகுதிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 5 முதல் 8 கிலோபார் (ஒரு கிலோபார் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு). நடுவே 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டின் அடர்த்தி 2800 கிலோ/கன மீட்டர் என்றால் ஒரு கிலோபாருக்கு 3.6 கி.மீ. ஆழம். ஆக இன்று காலடியில் கிடக்கும் பாறை சுமார் 22 கி.மீ. கீழே இருந்தது. இன்றைய மேலோட்டுத் தடிப்பை 38 கி.மீ. என்று எடுத்தால் அன்றைக்கு 60 கி.மீ. மேலோட்டுக்குக் கீழே உள்ள மேண்டிலின் அடர்த்தி 3300 என்று வைத்து மிதப்புச் சமநிலை போட்டால், கூடுதலாக இருந்த 22 கி.மீ.யை 0.15-ஆல், அதாவது (3300 − 2800) ÷ 3300-ஆல், பெருக்க வேண்டும். விடை 3.3 கி.மீ. உயரம். திபெத்தின் 5 கி.மீ.க்குக் கீழே, ஆனால் அந்த வகை மேட்டுநிலம்தான். 8 கிலோபார் வைத்தால் 67 கி.மீ. தடிப்பும் 4.4 கி.மீ. உயரமும் வரும். அழுத்தமானியின் பிழை சாதாரணமாகவே ஒரு கிலோபார் இருக்கும், அதாவது ஆழத்தில் 3.6 கி.மீ., உயரத்தில் அரை கி.மீ. முன்னே பின்னே. இந்தப் பிழையை எழுதாமல் 3.3 என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

உங்கள் "தேய்ந்த மிச்சம்" வரி நிற்காது. இங்கே பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மகேந்திரகிரியின் பாறை அந்தப் பழைய மலையின் அடிவேர், ஆனால் மகேந்திரகிரியின் உயரம் அந்த மலையுடையது அல்ல. 22 கி.மீ. அரிந்து போன பிறகு பழைய மலைக்கு உயரமே மிஞ்சியிருக்காது. இன்றைக்கு நாம் காணும் மேற்குத் தொடர்ச்சி மலை, கண்டம் பிளந்தபோது உண்டான விளிம்பை ஒட்டி வந்தது. மடகாஸ்கர் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன். பாறைக்கு வயது வேறு, மேட்டுக்கு வயது வேறு. "பழைய மலைத்தொடரின் அடிவேர், புதிய விளிம்பில் மேலே நிற்கிறது" என்று மாற்றுங்கள்.

இன்னொரு பொறி: 22 கி.மீ.யை 55 கோடியால் வகுத்து ஆண்டுக்கு 0.04 மி.மீ. அரிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அரிப்பு அப்படி ஒரே சீராக நடக்காது. மலை உயரமாக இருந்த தொடக்க காலத்தில்தான் பெரும்பகுதி போயிருக்கும். எல்லாவற்றையும் ஆறுதான் கொண்டுபோனது என்றும் சொல்ல முடியாது. தடித்த மேலோடு தன் எடையாலேயே பக்கவாட்டில் விரிந்து மெலியும் என்று டூயியே 1988-இல் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைக்கு உங்கள் 20 பக்கத்தில் இயல்பான இடம் இதுதான்.

---

தேரிமணல்:

வேளிமலை அண்ணன் சொன்ன கணக்கில் ஒரு திருத்தமும் ஒரு மறுப்பும் உண்டு.

திருத்தம்: மோதலில் பாறை போகும் பாதை ஒரே புள்ளி அல்ல. முதலில் வேகமாகப் புதையும், அப்போது அழுத்தம் ஏறும். வெப்பம் மெதுவாகத்தான் பின்னால் வரும். பாறை மேலே ஏறத் தொடங்கிய பிறகுகூட வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். இங்கிலாண்டும் தாம்ப்சனும் 1984-இல் காட்டியது இதைத்தான். நாம் அளப்பது வெப்ப உச்சத்தில் இருந்த அழுத்தம், அழுத்த உச்சம் அல்ல. ஆகவே 22 கி.மீ. என்பது கீழ் எல்லை. "குறைந்தது" என்ற சொல்லைச் சேருங்கள்.

மறுப்பு: தடித்தால் மட்டும் இவ்வளவு சூடு வராது. நம்ம பகுதியின் உச்ச வெப்பம் 850 பாகை செல்சியஸுக்குக் குறையாது, 900-க்கு மேல் போனதற்கும் சான்று உண்டு. 22 கி.மீ.யில் 900 பாகை என்றால் கி.மீ.க்கு 40 பாகை. அமைதியான கண்டத்தில் 15 முதல் 25 வரைதான் இருக்கும். மேலோடு இருமடங்கு தடித்து, பிறகு தானாகச் சூடேறக் காத்திருந்தால்கூட அந்த ஆழத்தில் 900 எட்டுவது கடினம். 1973 கட்டுரையின் பலவீனமான மூட்டு இது. உங்கள் 'மறுத்தது', 'சோதித்தது' பட்டியலில் முதலிடம் இந்தக் கேள்விக்குத்தான்.

மூன்று விடை சொல்லப்படுகிறது. கீழிருந்து பாறைக்குழம்பு வந்து சூடேற்றியது என்பது ஒன்று. தடித்த அடிவேர் கழன்று மேண்டிலில் விழ, சூடான மேண்டில் மேலே வந்தது என்பது மற்றொன்று. மூன்றாவது நம்ம ஊருக்கு நெருக்கமானது: பாறைக்குள்ளேயே இருக்கும் தோரியமும் யுரேனியமும் பொட்டாசியமும் தரும் கதிரியக்க வெப்பம். மணவாளக்குறிச்சிக் கருமணலில் தோரியம் நிறைந்த கனிமமான மோனசைட் எங்கிருந்து வந்தது? இந்த நீஸும் சார்னோக்கைட்டும் சிதைந்துதானே. 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் அங்கே மோனசைட்டைக் கண்டறிந்தபோது அது தோரியத்துக்கான செய்தி. மலைத்தொடர் ஆய்வுக்கு அது வெப்பத்துக்கான செய்தியும் கூட.

கணக்கை நீங்களே போடலாம். யுரேனியம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதை 9.52-ஆலும், தோரியத்தை 2.56-ஆலும், பொட்டாசியம் சதவீதத்தை 3.48-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதை அடர்த்தியால் பெருக்கி ஒரு லட்சத்தால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோவாட் என்று கிடைக்கும். மாதிரிக்கு யுரேனியம் 2, தோரியம் 40, பொட்டாசியம் 4 சதவீதம், அடர்த்தி 2700 என்று போடுங்கள்: சுமார் 3.65 மைக்ரோவாட். அதில் முக்கால் பங்கு தோரியம் தருவது. வெப்பம் துளியும் வெளியேறாமல் இருந்தால் இந்தப் பாறை 10 லட்சம் ஆண்டுக்கு 40 பாகைக்கு மேல் சூடேறும். நிஜத்தில் பெரும்பகுதி மேலே கசிந்துவிடும். அதனால்தான் மேட்டுநிலம் கோடிக்கணக்கான ஆண்டு அசையாமல், அரிப்பு மெதுவாக இருக்கும்படி நின்றிருக்க வேண்டும். அரிப்பு வேகமானால் வெப்பம் தரும் அடுக்கே கரைந்து போய்விடும். 55 கோடி ஆண்டுக்கு முந்தைய அளவு வேண்டுமென்றால் தோரியத்தின் பங்கை 3 சதவீதமும், யுரேனியம்-238-இன் பங்கை 9 சதவீதமும், பொட்டாசியத்தின் பங்கை 35 சதவீதமும் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதற்குக் கடற்கரை மணலின் தோரிய அளவை எடுத்துவிடாதீர்கள். அலை கழுவிக் கழுவிக் கனிமத்தைச் செறிவாக்கிய மணல் அது, பாறையின் சராசரி அல்ல. பாறையையே அரைத்துப் பகுப்பாய்வு செய்த எண் வேண்டும். தென்னிந்தியக் கிரானுலைட்டை வைத்து 'சூடான மலைத்தொடர்' என்ற கருத்தைச் சோதித்த கிளார்க் குழுவின் 2015 கட்டுரை 'கோண்டுவானா ரிசர்ச்' இதழில் இருக்கிறது. மாதிரி எண்களை அதிலிருந்து எடுங்கள்.

சார்னோக்கைட் என்றாலே மலை வேர் என்று எழுதிவிடவும் கூடாது. கேரளத்தின் பொன்முடியில் வெளிர் நீஸுக்குள் பச்சைத் திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட் உருவாகி நிற்கிறது. கர்நாடகத்தின் கப்பாள்துர்காவில் நிலவியலாளர் பிச்சமுத்து 1960-லேயே 'உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்' என்று இதைச் சொன்னார். பொன்முடிப் பாறையை ரவீந்திர குமாரும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் எழுதினார்கள். கரியமில வாயு ஊடுருவி நீரின் பங்கைக் குறைத்ததால் பயோடைட் (கறுப்பு மைக்கா) சிதைந்து பைராக்சீன் ஆனது என்பது அந்த வாதம். நியூட்டன், ஸ்மித், வின்ட்லி 1980-இல் அதை உலகளவில் முன்வைத்தார்கள். தென்னிந்தியப் பாறைகள் உலக ஆய்விதழ்களில் பெயர் பெற்றதில் இந்தக் கரியமில வாயு விவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திபெத் ஒப்பீட்டை எழுதும்போது இதையும் ஒரு பத்தியாவது எழுதினால்தான் நியாயம்.

---

நாஞ்சில்பாறை:

நூலகமேசை சார், அண்ணன், தேரிமணல் அக்கா, மூவருக்கும் நன்றி. "மிச்சம்" வரியை மாற்றிவிட்டேன். 1973 கட்டுரையை நடுவில் வைக்கிறேன்.

இரண்டு சந்தேகம். 55 கோடி என்ற வயதை எந்தக் கனிமத்திலிருந்து எடுத்தார்கள்? சில கட்டுரையில் அதே நாகர்கோவில் சார்னோக்கைட்டுக்கு 200 கோடி என்று வருகிறதே? அடுத்து, மாவட்டத்துக்குள் ஒரே நாளில் எங்கெங்கே போய்ப் பார்க்கலாம், என்ன எடுத்து வரலாம்?

---

வேளிமலை:

இரண்டு வயதும் சரிதான். வயது கணிக்கப் பயன்படும் சிர்கான் கனிமத்தின் ஒரே மணிக்குள்ளேயே இரண்டும் இருக்கும். நடுக்கரு மூலப்பாறை முதலில் குழம்பாக இருந்து உறைந்த காலம், சுமார் 200 கோடி. வெளி விளிம்பு உருமாற்றத்தில் புதிதாக வளர்ந்தது, சுமார் 55 கோடி. வயதை அளக்கப் பாய்ச்சும் லேசர் புள்ளியின் அகலம் 20–30 மைக்ரான். அது இரண்டின் எல்லை மேல் விழுந்தால் நடுவில் ஏதோ ஒரு வயது வரும், 90 கோடி, 120 கோடி என்று. அப்படி ஒரு நிகழ்வே நடந்திருக்காது. அதனால்தான் முதலில் மின்கற்றை பட்டு மணி ஒளிர்வதைப் பிடிக்கும் கதோட் ஒளிப்படம் எடுத்துக் கருவையும் விளிம்பையும் பிரித்துப் பார்க்காமல் அளக்கக் கூடாது என்கிறார்கள். ஒரு கட்டுரையை நம்புவதற்கு முன் அந்தப் படம் அச்சிடப்பட்டிருக்கிறதா, புள்ளி எங்கே விழுந்தது என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மோனசைட்டை மின்கதிர் நுண்ணாய்வுக் கருவியிலேயே வயது பார்க்கலாம். 8 சதவீதம் தோரியம் உள்ள மணியில் 55 கோடி ஆண்டில் தோரியம் சிதைந்து சேரும் ஈயம் சுமார் 0.2 சதவீதம், கருவியின் கண்டறியும் எல்லைக்கு மேலேதான். தவறு நடப்பது எங்கே என்றால், ஈயத்தை அளக்கும் எம்-ஆல்பா என்ற எக்ஸ்-கதிர்க் கோட்டின் மேல் யிட்ரியத்தின் ஒரு கோடு ஏறி உட்கார்ந்துவிடும். திருத்தாவிட்டால் ஈயம் அதிகமாகக் காட்டும், வயது கூடிப்போகும். கார்னெட் உள்ள பாறையில் இதற்கு இன்னும் கவனம் வேண்டும். கார்னெட் யிட்ரியத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது சிதையும்போது வளரும் மோனசைட் விளிம்பில் யிட்ரியம் அதிகமாக இருக்கும். அதே காரணத்தால் அந்த விளிம்பின் வயது, பாறை மேலே வந்துகொண்டிருந்த காலத்தைச் சொல்லும். உச்ச வெப்பத்தின் வயது என்று அதை எழுதிவிடக் கூடாது.

கார்னெட்–பயோடைட் வெப்பமானியிலும் இதே வகைச் சிக்கல் வரும். 1978-இல் ஃபெர்ரியும் ஸ்பியரும் தந்த அளவீட்டைக் கண்மூடிப் போட்டால் 650, 700 பாகைதான் கிடைக்கும். பாறை ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அந்த எண் ஆறிய வழியில் ஓரிடத்தைத்தான் காட்டுகிறது. பெரிய கார்னெட்டின் நடுவையும், அதைத் தொடாமல் தள்ளி இருக்கும் பயோடைட்டையும் எடுத்தால் ஓரளவு பரவாயில்லை. இரண்டு கனிமமும் ஒட்டியிருக்கும் இடத்தில் அளக்கவே கூடாது.

ஒரு நாள் பயணத்துக்கு முன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் மாவட்ட நிலவியல் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கிழக்கில் பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை அடிவாரத்திலும், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள சாலை வெட்டுகளிலும் சார்னோக்கைட் பார்க்கலாம். மேற்கே போகப் போகக் கார்னெட் நீஸ். மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சார்னோக்கைட் வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பாகிவிடும், புதிதாக உடைந்த முகத்தில்தான் எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை தெரியும். கொண்டலைட் எளிதில் சிதைந்து செம்மண் போல ஆகிவிடும். அதில் பளபளக்கும் கிராஃபைட் தகட்டையும் ஊசி போன்ற சில்லிமனைட்டையும் கைலென்ஸால் தேடுங்கள். தகடமைப்பின் (கனிமங்கள் தகடு தகடாக அடுக்கியிருப்பதன்) போக்கு இந்தப் பகுதியில் பெரும்பாலும் வடமேற்கு–தென்கிழக்கு. ஓரிடத்தில் ஒரு அளவு போதாது, ஐந்தாவது எடுத்துச் சராசரி போடுங்கள். மேக்னடைட் உள்ள பாறைமேல் திசைகாட்டியை வைத்தால் முள் விலகும், ஒரு நோட்டுப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து அதன் மேல் வைத்து அளக்கலாம்.

சிதறால் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே கண்ணால் பார்த்துப் படம் எடுக்கலாம், சுத்தியல் பையை விட்டு வெளியே வரக் கூடாது. விவேகானந்தர் பாறைக்கும் இதையே சொல்கிறேன். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி முன்னதாகவே வாங்க வேண்டும். இயங்கும் கல்குவாரியில் வெடி நேரத்தைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

எடுத்து வருவது என்றால் தின் செக்‌ஷனுக்கு உள்ளங்கை அளவுத் துண்டு போதும், நுண்ணோக்கியில் பார்க்க 30 மைக்ரான் தடிப்புக்குத் தேய்ப்பார்கள். உடைக்கும் முன்பே பாறை முகத்தில் போக்கும் சாய்வும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு திசை தெரியாமல் போனால் அந்தத் துண்டில் நழுவலின் திசையைச் சொல்ல முடியாது. சிர்கான் பிரிக்க 3 முதல் 5 கிலோ வேண்டும். இடித்து, 250 மைக்ரான் சல்லடையில் சலித்து, நீரில் அலசி, காந்தத்தில் பிரித்து, கடைசியில் எடை மிகுந்த மணி மட்டும் அமிழும் கனத்திரவம். பிரோமோஃபார்ம் நச்சு, சோடியம் பாலிடங்ஸ்டேட் கிடைத்தால் அது மேல்.

இங்கே நம்ம மாவட்டத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கடற்கரை மணலை அலசிய தட்டு, சல்லடை, இடிப்பானையே பாறைக்கும் பயன்படுத்துவது. மணலில் சிர்கான் அவ்வளவு அதிகம். சல்லடைக் கண்ணில் மாட்டிய பத்து மணி போதும், உங்கள் பாறைக்கு இல்லாத வயது வந்து சேர. புதிய நைலான் துணியைச் சல்லடையாகக் கட்டி, ஒவ்வொரு மாதிரிக்கும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

---

தேரிமணல்:

அத்தோடு இதையும் சேர்த்துக்கொள், தம்பியோ தங்கச்சியோ. கடற்கரையில் பொட்டலமாக விற்கும் வண்ணமணலை ஆய்வு மாதிரியாகக் காட்டிவிடாதே. எந்த இடத்து மணல், எதோடு கலந்தது என்று தெரியாது. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று கனிமம் காட்டுவதற்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். நீயாகக் கருமணல் அள்ளவும் கூடாது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட பொருள், பை அளவுக்கு எடுத்தாலும் கேள்வி வரும். துறை வழியாக எழுத்தில் அனுமதி வாங்கினால் மட்டும் எடு.

---

நூலகமேசை:

கடைசி 5 பக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தென்னிந்தியக் கிரானுலைட் பற்றிய 15 முக்கியக் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் வையுங்கள். ட்ரூரி, ஹாரிஸ், ஹோல்ட் குழு 1984-இல் 'ஜர்னல் ஆஃப் ஜியாலஜி'யில் எழுதியதிலிருந்து தொடங்கலாம், 1973 கட்டுரை வந்த அதே இதழ். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி. டூயி–பர்க் 1973 மேற்கோள் பட்டியலில் இருக்கிறதா? திபெத் ஒப்பீடோ, மேலோடு தடித்துப் பிறகு சூடேறிய கருத்தோ உடற்பகுதியில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நேரடித் தாக்கம். முதலாவது இல்லை, இரண்டாவது உண்டு என்றால் கருத்து வேறு கை வழியாக வந்திருக்கிறது. அங்கே இங்கிலாண்டு–தாம்ப்சன் 1984 இருக்கிறதா, மோல்னார்–தப்போனியே 1975 இருக்கிறதா என்று தேடுங்கள், கை யாருடையது என்று தெரியும். முதலாவது மட்டும் உண்டு என்றால் அது மரியாதைக் குறிப்பு.

இந்த நான்கு கட்ட அட்டவணை ஒரு பக்கம், மூன்று கட்டுரையிலிருந்து வாக்கியம் எடுத்து விளக்கம் இரண்டு பக்கம், வேளிமலையின் தடிப்புக் கணக்கும் தேரிமணலின் வெப்பக் கணக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம். கணக்கில் எடுத்துக்கொண்ட அடர்த்தி, இன்றைய தடிப்பு இரண்டையும் மேலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது 38 கி.மீ. எங்கிருந்து வந்தது என்றுதான் இருக்கும். அதற்கு நில அதிர்வு அளவீட்டுக் கட்டுரை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வரும் எண் வேறாக இருந்தால் கணக்கை அதற்கேற்ப மறுபடி போடுங்கள்.